‘ஒன்றுக்கு ஒன்று’ கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது

"உடல் எடை எத்தனை பவுண்டோ, அத்தனை சதுர அடி பாராசூட் போதும், யாருக்கும் ஆபத்தில்லை" என்றொரு தகவல் ஸ்கைடைவிங் பழகுவோரிடையே சுற்றுகிறது. இது தவறு.

முதலில், கணக்கே பிழை. எடுத்துக்கொள்ள வேண்டியது விமானத்திலிருந்து குதிக்கும்போது உள்ள மொத்த எடை. பாராசூட் பை, ரிசர்வ் எனும் அவசரகால மாற்றுப் பாராசூட், உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து எளிதாக 25 பவுண்டு கூடும். 135 பவுண்டு உள்ளவர் 135 சதுர அடியில் பறந்தால் விகிதம், அதாவது ஒரு சதுர அடி பாராசூட் தாங்கும் பவுண்டு, 1 அல்ல, ஏறத்தாழ 1.2.

சரியாகக் கணக்கிட்டாலும் சிக்கல் தீராது. மொத்தம் 230 பவுண்டுக்கு 230 சதுர அடி, 135 பவுண்டுக்கு 135 சதுர அடி: இரண்டிலும் விகிதம் 1தான். ஆனால் சிறிய பாராசூட்டின் கயிறுகள் குட்டையானவை. ஒருபக்கக் கைப்பிடியை இழுத்ததும் அது சட்டென்று திரும்பும், மளமளவென்று உயரத்தை இழக்கும். தரைக்கு அருகே எதிரில் யாரோ வந்துவிட, பதறிப்போய் ஒரு கையை இழுத்தால், பெரிய பாராசூட் மன்னிக்கும் தவற்றைச் சிறியது மன்னிக்காது. பழுதில்லாமல் விரிந்த பாராசூட்டிலேயே பலர் எலும்பு முறிந்தும் உயிரிழந்தும் போவது இப்படித்தான். ஒல்லியானவர்களுக்குத்தான் இந்தச் சூத்திரம் அதிக ஆபத்து; அவர்களிடம்தான் இதை அதிகம் சொல்கிறார்கள் என்பது கொடுமை.

தரையிறங்கும் இடத்தின் உயரமும் முக்கியம்: மலைப்பகுதித் தளங்களில் காற்றின் அடர்த்தி குறைவு. 5,000 அடி உயரத்தில் அதே பாராசூட் சுமார் 8 சதவீதம் வேகமாகத் தரையிறங்கும்.

சிறிய பாராசூட்டுக்கு மாறுமுன் இப்போதைய பாராசூட்டிலேயே உயரம் அதிகம் இழக்காமல் திரும்பவும், பக்கக்காற்றில் இறங்கவும், குறித்த இடத்தில் நிற்கவும் வருகிறதா என்று பயிற்றுநரைப் பார்க்கச் சொல்லுங்கள்.