நோட்டு யார் கையில்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போன வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் சித்தியின் கொட்டாய் அதில் வராது. ஊரைத் தள்ளி, ஏரிக்குக் கீழே இருக்கிறது. மேற்குப் பக்கத்து மண்சுவர் விழுந்து, உள்ளே கட்டியிருந்த மூன்று வெள்ளாடுகள் செத்துப்போயின. இரண்டு நாள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நாற்றம் தாங்காமல் சித்தியே வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டார்.

குடிசைக்கு 10,000 ரூபாய், ஆட்டுக்கு 4,000 என்று அரசு அறிவித்தது. அப்புறம் கணக்கெடுக்க வந்தார்கள். அதிகாரிக்கு முன்னால் ஊர்க் கட்சிக்காரர் நடந்து வந்தார், கணக்கெடுப்பு நோட்டும் அவர் கையில். சுவரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏம்மா, போன எலெக்‌ஷன்ல உன் பையன் யார்கூட சுத்திக்கிட்டிருந்தான்?" என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். "சரி, பாத்துக்கலாம்" என்று நோட்டை மூடிவிட்டார்.

ஆடு செத்ததற்கு போட்டோ இல்லை, டாக்டர் சான்று இல்லை என்று பிறகு சொன்னார்கள். அதே மழையில் ஆட்டைப் புதைத்த இன்னொரு வீட்டுக்கு மட்டும் சான்று எங்கிருந்து வந்தது?

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஆட்சி மாறும்போது நோட்டு கை மாறுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் மிரட்ட அரிவாள் தேவையில்லை. முதியோர் பென்ஷன், தொகுப்பு வீடு, நூறு நாள் வேலை எல்லாம் அந்தப் 'பாத்துக்கலாம்' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கலாம் வா என்று கூப்பிட்டேன். "நீ பெங்களூர் பஸ் ஏறிடுவ கண்ணு, நான் இங்கதான இருக்கணும்" என்றார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகை முகாமைப் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார்கள். அதில் விண்ணப்பம் தள்ளுபடியானால் செல்போனுக்குக் காரணம் வந்தது, 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடிந்தது. வெள்ள நிவாரணத்துக்கும் அப்படிச் செய்ய என்ன தடை? லிஸ்ட்டை ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள், கிராம சபையில் வாசியுங்கள். விட்டுப்போனவருக்குக் காரணத்தை எழுதிக் கொடுங்கள். கணக்கெடுப்புக்கு எந்தக் கட்சிக்காரரையும் கூட்டி வராதீர்கள்.

என் ஓட்டு இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் எழுந்து அந்த லிஸ்ட்டைக் கேட்கப் போகிறேன். சித்தியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.