முப்பதாண்டுப் போரில் யார் யார் பக்கம்?
1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போர் முழுக்க கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையிலான மதச்சண்டை என்று மேலே ஒரு பதிவு சொல்கிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. மதம் பெரிய காரணம்தான். புராட்டஸ்டன்டுகள் கைக்குப் போன திருச்சபைச் சொத்துகளைக் கத்தோலிக்கரிடம் திருப்பித் தரச் சொல்லி 1629-இல் புனித ரோமப் பேரரசர் (ஜெர்மன் நாடுகளின் கத்தோலிக்கத் தலைவர்) போட்ட சொத்து மீட்பு ஆணை ஒன்றே அதற்குச் சான்றாகப் போதும். ஆனால் அணிகள் மதத்தின்படி மட்டும் பிரியவில்லை.

1631 ஜனவரியில் பேர்வால்டே ஒப்பந்தம் கையெழுத்தானது. பேரரசரை எதிர்த்துப் போரிட்ட புராட்டஸ்டன்ட் ஸ்வீடனின் படைக்கு ஆண்டுக்கு 4 லட்சம் தாலர் (அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) தர ஒப்புக்கொண்டது கத்தோலிக்க பிரான்ஸ். அதை நடத்தியவர் பிரான்சின் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ, அதுவும் ஒரு கார்டினல், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்பதவிக் குரு! ஸ்பெயினிலும் வியன்னாவிலும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் (பேரரசரும் இதைச் சேர்ந்தவர்தான்) தன்னைச் சுற்றி வளைத்துவிடும் என்பதே பிரான்சின் கவலை. 1635-இல் கத்தோலிக்க ஸ்பெயின் மீது பிரான்ஸ் நேரடியாகவே போர் அறிவித்தது. அதே ஆண்டு லூத்தரன் (புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவு) ஜெர்மன் நாடான சாக்சனி, பிராக் சமாதானத்தின் மூலம் கத்தோலிக்கப் பேரரசரோடு சமாதானமாகி அவர் பக்கம் போய்விட்டது.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். எந்தக் கலைக்களஞ்சியத்திலும் பேர்வால்டே ஒப்பந்தம், 1635-இன் பிராக் சமாதானம் இரண்டையும் தேடி, கையெழுத்திட்டவர்களின் மதம் என்னவென்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.