முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் டே கேர் ஃபீஸுக்கு அல்ல

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் டே கேர் ஃபீஸுக்கு 18,000 ரூபாய் தருகிறார்கள், வேலைக்குத் திரும்பும்போது எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு பதிவில் போட்டிருக்கிறார்களே, அது தப்புங்க. அது ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு உதவி, முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், அந்த 18,000-லும் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாகத்தான் வரும். கர்ப்பமாக இருக்கும்போதே உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) வாங்கியிருக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரலாம் என்பதெல்லாம் 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலேயே வந்தாச்சு. சென்னை ஓ.எம்.ஆர். சாலை கம்பெனிகளில் இருப்பவர்கள் ஹெச்.ஆரிடம் இதை மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.