ஹைட் ராட்சசன் இல்லை

'ஜெகில் முழு நல்லவர், ஹைட் ராட்சச உருவம் கொண்ட கெட்டவன்' என்று, டாக்டர் ஜெகில் ஒரு மருந்தைக் குடித்து ஹைட் என்பவனாக மாறும் ஸ்டீவன்சனின் 1886-ஆம் ஆண்டுக் குறுநாவலைப் பற்றி ஒரு சுருக்கம் சுற்றிவருகிறது. இரண்டுமே தவறு.

ஹைட் குள்ளமானவன், ஜெகிலைவிட இளையவன். மாறியதும் ஜெகிலின் உடைகள் அவன்மேல் தொளதொளவென்று தொங்கும். தன் தீய பக்கம் அதுவரை அதிகம் புழங்காததால் அது வளரவில்லை போலும் என்று கடைசி அத்தியாயத்தில் ஜெகிலே யூகிக்கிறார். அந்த ஜெகிலும் நன்மையும் தீமையும் கலந்தவர்தான். மருந்து அதை மாற்றவில்லை.

அப்புறம், மொழி நுட்பம். ஹைடைப் பார்த்த எல்லோருக்கும் அருவருப்பு வருகிறது, ஆனால் அவனிடம் என்ன கோணல் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவனைப் பார்த்த என்ஃபீல்டு என்ற பாத்திரம் அவனை வர்ணிக்கத் தொடங்கி, முடியாமல் விட்டுவிடுகிறார். இந்தக் கதையில் என்னை மிகவும் பயமுறுத்துவது அந்த இடம்தான். ஹைடை ராட்சசனாக்கும் சுருக்கத்தில் அதற்கு இடமே இல்லை.