ஒன்றரை ஷிப்டுக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம்

திருப்பூரில் யாரிடமாவது இன்றைக்கு எத்தனை ஷிப்ட் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று என்று பதில் வருவது அபூர்வம். ஒன்றரை என்பார்கள். ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வருவதுதான் பனியன் கம்பெனியில் ஒரு நாள். சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் விடிய விடிய. தைத்த பீஸ்களில் குறை பார்க்கிற செக்கிங்கில் நான் இருக்கிறேன், வீட்டுக்காரர் பேட்லாக் மிஷினில் தைக்கிற டைலர். இந்த ஊர் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதை மறக்கவில்லை. ஆனால் அந்த அரை ஷிப்டுக்கு எங்கள் கையில் வருவது சட்டம் சொல்வதில் பாதிதான். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் பார்க்கிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி என்று அதன் 59ஆவது பிரிவு சொன்னது. ஆறு நாள் எட்டு எட்டு மணி நேரம் பார்த்தாலே 48 தீர்ந்துவிடுகிறது. ஆகவே மாலையில் அரை ஷிப்ட் என்று கணக்கு வைக்கிற 4 மணி நேரத்துக்கு 8 மணி நேரச் சம்பளம் வர வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவருக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் என்பதே கணக்கு. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தால் ஒன்றரைதான் இருக்கிறது. ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு 250 ரூபாய் குறைகிறது, வாரத்துக்கு 1,500, நான்கு வாரத்தில் 6,000. லைன் வீட்டு வாடகை அதிலேயே அடங்கிவிடும்.

தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி தருகிற பீஸ் ரேட்டுக்கு ஓவர்டைமே கிடையாது என்று கான்ட்ராக்டர்கள் அடித்துச் சொல்கிறார்கள், டைலர்களும் நம்பிவிட்டார்கள். அப்படி இல்லை. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு, முந்தைய மாதம் அதே வேலையில் முழு நேரம் பார்த்த நாட்களின் சராசரி வருமானத்தை எடுத்து, அதை வைத்து இரட்டிப்புக் கணக்கிட வேண்டும் என்று அதே பிரிவே வழி சொல்லியிருந்தது.

பணம் கொடுத்துவிட்டால் எத்தனை மணி நேரமும் வாங்கலாம் என்றும் அந்தச் சட்டம் விடவில்லை. ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரம், மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் 50 மணி நேரம், விலக்கு வாங்கினாலும் 75தான். தினமும் ஒன்றரை ஷிப்ட் என்றால் வாரத்துக்கு 72 மணி நேரம் ஆகிறது. மூன்று மாதத்துக்கான 50 மணி நேரம் மூன்றாவது வாரம் திங்கட்கிழமையே தீர்ந்துபோகும். மீதி நாட்களின் மாலைகள் எந்தக் கணக்கில் வருகின்றன? சில கம்பெனிகளில் ஆடிட்டுக்குக் காட்ட ஒரு நோட்டும் உண்மைக்கு ஒரு நோட்டும் இருப்பது ஊரறிந்த சங்கதி.

இரட்டிப்பு என்று வைத்ததற்குக் காரணம் தொழிலாளி மேல் இரக்கம் மட்டும் அல்ல. ஓவர்டைம் முதலாளிக்கு விலை கூடுதலாகத் தெரிய வேண்டும், இன்னோர் ஆளை வேலைக்கு வைப்பதே மேல் என்று அவர் நினைக்க வேண்டும். ஒற்றைக் கூலியில் அது தலைகீழாகிவிடுகிறது. புது ஆளுக்கு மிஷின் வேண்டும், பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும். இருக்கிற ஆளையே இரவு வரை நிறுத்தினால் அந்தச் செலவு இல்லை. ஓவர்டைம் பணத்துக்கு பிஎஃப் பிடிப்பதும் கிடையாது. ஆக, இடுப்பு ஒடிய நின்ற அந்த மணிகள் எங்கள் வயோதிகத்துக்கு ஒரு காசும் சேர்க்காமல் போகின்றன.

தொழிலாளிகளே அரை ஷிப்ட் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள் என்று முதலாளிகள் சொல்வார்கள். பொய் இல்லை, நானே கேட்டிருக்கிறேன். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் சட்டப்படி கொடுத்தால், இன்று நான்கு மணி நேரத்துக்கு வாங்குவதை இரண்டே மணி நேரத்தில் வாங்கிவிடுவேன். ஏழரைக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். பிள்ளைகள் தூங்கும் முன் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

அந்த 1948 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற புதிய தொகுப்புச் சட்டமும் நாளுக்கு 8 மணி நேரம், கூடுதலுக்கு இரட்டிப்பு என்றே சொல்கிறது. தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓவர்டைம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் மொத்த ஓவர்டைம் எத்தனை மணி நேரம் என்பதைச் சட்டத்திலேயே எழுதாமல், அரசு விதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ வர வேண்டும், விதியைத் திருத்த ஓர் அறிவிப்பு போதும். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

சம்மதம் என்பதும் இங்கே எப்படி நடக்கிறது தெரியுமா? நான் முன்பு இருந்த கம்பெனியில் பாதிப் பேர் ஊத்துக்குளி, பெருமாநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். ஐந்தரைக்கு மணி அடிக்கும், டீயும் பன்னும் வரும். வேன் வராது. அது எட்டரைக்குத்தான் கிளம்பும். சூப்பர்வைசர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, "இஷ்டம் இருந்தால் போங்கள் அக்கா" என்றுதான் சொல்வார். மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, இறங்கி, தோட்டத்துப் பாதையில் இருட்டில் தனியாக எந்தப் பெண் போவாள்? மறுபடியும் டேபிளுக்கு வந்து பீஸ்களைப் புரட்டுவோம். அந்த நேரத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் காலை அதற்கும் திட்டு எங்களுக்கே.

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்ததில், மே தினத்தன்று அன்றைய முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நானும் மகிழ்ந்தேன். அன்று மாலையிலும் எங்கள் ஊரில் பல கம்பெனிகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணியும் அதற்கான ரேட்டும் தனி வரியில் வரட்டும். ஐந்தரைக்கு ஒரு வேன் கட்டாயம் கிளம்பட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகளுக்கும் ஒரு கோரிக்கை. நான் பார்த்த ஆய்வெல்லாம் பகலில்தான் நடந்தது. ஒருமுறை இரவு எட்டரைக்கு வாருங்கள். ஆபீஸ் அறைக்குள் போக வேண்டாம், நோட்டும் கேட்க வேண்டாம். கேட்டுக்கு வெளியே நின்று, வேனில் ஏறுகிறவர்களிடம் காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.