மொட்டைமாடி டெலஸ்கோப்பில் நிலாக்கொடி தெரியாது

“அரிச்சல்முனையில் 6 அங்குல டெலஸ்கோப்பில் எடுத்த நிலாப் படம், அமெரிக்கக் கொடி தெளிவாகத் தெரிகிறது, பகிருங்கள்” என்று ஒரு படம் ராமேஸ்வரம், பாம்பன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

என்னிடமும் 6 அங்குல டெலஸ்கோப்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் வைத்து, கண் வைக்கும் லென்ஸில் போனைப் பொருத்தி எடுக்கிறேன். கடல்காற்று அடித்தால் நிலாப் பள்ளங்களின் விளிம்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். காற்று அடங்கினாலும், இந்த அளவு டெலஸ்கோப் நிலாவில் பிரித்துக் காட்டுவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரைதான். நம் பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டர் நீளம். அவ்வளவு அகலப் பள்ளமே ஒரு புள்ளியாகத்தான் விழும். கொடியோ ஒன்றரை மீட்டர்! விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கிக்குக்கூட அது எட்டாது. அந்தப் படத்தில் துணியின் மடிப்புவரை தெரிகிறது. அதற்கு நிலாவிலேயே பக்கத்தில் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும்.

சரி, கொடிகள் அங்கே இல்லையா? இருக்கின்றன. நிலாவைத் தாழ்வாகச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படங்களில் அப்போலோ 12, 16, 17 பயணங்களில் நிலாவில் இறங்கியவர்கள் நட்ட கொடிகளின் நிழல் விழுந்திருக்கிறது. அப்போலோ 11 கொடி மட்டும், நிலாவிலிருந்து கிளம்பும்போது ராக்கெட் புகையில் சாய்ந்ததாக அதில் போன விண்வெளி வீரர் ஆல்ட்ரின் சொன்னார். நாசா இணையதளத்தில் இந்தப் படங்களை யாரும் பார்க்கலாம்.

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தைக் காட்டி, “எங்களுக்கும் கொடி தெரியுமா அண்ணே?” என்று பிள்ளைகள் ஆசையோடு கேட்கிறார்கள். அவர்களுக்குக் காட்ட நிலாவின் டைகோ பள்ளமும், சனியின் வளையமும் நிஜமாகவே இருக்கின்றன.