ஆலோசனை போதும், ஆள் வேண்டும்

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரத்தில் பதினேழு வயதுப் பிள்ளை தன் அறையை விட்டு வெளியே வரவே அஞ்சுகிறது. வந்தால் உறவினர் யாராவது உட்கார்ந்திருப்பார். "அடுத்து என்ன?" என்று கேட்பார். பிள்ளை வாய் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிடுவார். தன் தங்கை மகன் எதில் சேர்ந்தான், எவ்வளவு வாங்குகிறான், எந்தத் துறை இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் வந்து விழும். கிளம்பும்போது "நன்றாக யோசித்துச் செய்" என்று ஒரு வார்த்தை வேறு. எதை வைத்து யோசிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பிள்ளைகளுக்கு ஆலோசனைப் பஞ்சம் கிடையாது. ஒரு வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்புக்குத்தான் பஞ்சம். அந்த வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுக்கப் பெரியவர்களால் முடியும். அதற்குப் பெரிதாகப் பணம் வேண்டாம். தெரிந்த நாலு பேரிடம் வாய்விட்டுக் கேட்கும் மனம் இருந்தால் போதும். அறிவுரை சொல்வதில் நாம் காட்டும் சுறுசுறுப்பு ஏனோ இதில் இருப்பதில்லை.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2020 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று பதினைந்து வயது மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். 41 நாடுகளில் ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் பத்தே பத்து வேலைகளுக்குள் ஒன்றைச் சொன்னார்கள். மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர், போலீஸ் என்று நாம் ஊகிக்கக்கூடிய பட்டியல்தான். என்னை உறுத்தியது வேறொன்று. 2000-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இந்தக் குவிதல் கூடித்தான் இருக்கிறது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உலகமே பிள்ளைகளின் கைக்குள் வந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். வேலைகளைப் பற்றிய அவர்களுடைய கற்பனை மட்டும் சுருங்கியிருக்கிறது.

ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு அங்கே தெரிவது மருத்துவரும் செவிலியரும்தான். ஓர் அறுவை சிகிச்சை நடக்க வேண்டுமென்றால் ரத்தத்தைப் பரிசோதித்தவர் ஒருவர், ஸ்கேன் எடுத்தவர் ஒருவர், மயக்க மருந்துக் கருவியைச் சரிபார்த்து வைத்தவர் ஒருவர். கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, உறையிலிட்டு, அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, எந்தப் பெட்டி எந்த அரங்குக்குப் போயிற்று என்று கணக்கு வைப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அது ஒரு நாள் நின்றால் எந்த நிபுணராலும் கத்தியைத் தொட முடியாது. வென்டிலேட்டரைப் பழுது பார்ப்பவர் படித்தது மருத்துவம் அல்ல, மின்னணுவியல். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவருக்கு மறுபடியும் பேசக் கற்றுக்கொடுப்பவர் இருக்கிறார். பாதுகாப்பாக விழுங்கப் பயிற்சி கொடுப்பதும் பெரும்பாலும் அவரேதான். செயற்கைக் கால் செய்பவர், எஞ்சிய காலை அளவெடுத்து, வார்ப்பெடுத்து, நோயாளி வலியில்லாமல் பத்து அடி நடக்கும்வரை அதைத் தேய்த்துத் தேய்த்துத் திருத்துகிறார். உடற்கூறு தெரிந்த தலையும் தச்சருடைய கையும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டிய வேலை அது. இதில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாமல், மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக "இனி எனக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வேலையில்லை" என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. போய் நிற்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடிந்ததும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்கல்விப் பாதையில் போகிறார்கள். பெரும்பாலோர் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரு நிறுவனத்தில் ஊதியத்தோடு பயிற்சி பெறுகிறார்கள், மீதி நாள் பள்ளிக்குப் போகிறார்கள். பின்னால் உயர்கல்விக்குத் திரும்புவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு முந்தைய படி. பயிற்சி ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் சில நாட்கள் அந்த வேலையிடத்துக்கே போய் இருந்து பார்க்கிறார்கள். பேக்கரி வேலை என்றால் ஊர் உறங்கும் நேரத்தில் எழுந்து போக வேண்டும் என்பது முதல் நாளே உடம்புக்குத் தெரிந்துவிடும். முதலாளிக்கும் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்குமா என்று தெரிந்துவிடும். அந்த நாட்டு ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாதுதான். ஆனால் "நாலு நாள் போய் இருந்து பார்" என்று சொல்ல எந்த அரசாணையும் வேண்டாமே.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கால்நடை மருத்துவராவேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளி முடிந்த விடுமுறையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசி, ஓரமாக நின்று பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தோம். உண்ணிக் காய்ச்சலோடு ஒரு நாய் வந்திருக்கிறது. காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லின் விளிம்பால் அதை மெல்லிய படலமாக இழுத்து, காயவைத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்கள். சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரட்டை இரட்டையாக ஒட்டுண்ணிகள். அன்று அவளை அந்த மேசையிலிருந்து எழுப்ப முடியவில்லையாம். இரண்டு நாள் கழித்து ஒரு கிழட்டு நாயைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. நாய்க்காரர் தேம்பி அழுதார், மருத்துவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். இவள் வெளியே போய் நின்றுகொண்டாள். ரத்தத்தைக் கண்டு பயப்படுவாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அழுகிற மனிதர்களை எதிர்கொள்வதுதான் அவளுக்கு முடியாமல் இருந்தது. இன்று நுண்ணுயிரியல் படிக்கிறாள். கனவைக் கலைத்துவிட்டீர்கள் என்று அவளுடைய பெரியம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஐந்து வருடம் படித்து முடித்தபின் கலைவதைவிட அந்த ஒரு வாரத்தில் கலைந்ததே மேல் என்பது என் கட்சி.

பொறுப்பான ஆள் இருக்கும், நமக்கு நன்கு தெரிந்த இடமாகப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. போகும் பிள்ளைக்குச் சில கேள்விகளையும் சொல்லி அனுப்பலாம். "இந்த வேலை நல்ல வேலையா?" என்று கேட்டால் எவரும் சம்பிரதாயமாக ஒரு பதில்தான் சொல்வார். "இன்று காலை வந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். எந்த வேலையை நாளை நாளை என்று தள்ளிப்போடுகிறீர்கள், இங்கிருந்து விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள், இன்றைக்குப் புதிதாகத் தொடங்குவதென்றால் எந்த வழியில் வருவீர்கள் என்றும் கேட்கலாம். மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஏங்கிப்போய் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் எழுதி வைத்திருந்தது அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. அவர் வழிமுறையில் மூன்று படிகள்: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்தி நிதானமாக யோசி. இன்றைக்கு முதல் படிக்குக் கட்டணம் வாங்கும் கடைகள் பெருகிவிட்டன. இரண்டாவது படியில் யாரும் கால் வைப்பதில்லை. மனப்போக்கு அறியும் கேள்வித்தாள்கள் மீது எனக்கு விரோதம் இல்லை. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த, மனப்போக்குகளை ஆறு வகையாகப் பிரிக்கும் பகுப்பு, பிள்ளையோடு உட்கார்ந்து பேச நல்ல தொடக்கம். அதையே ஜாதகமாக்கி, "இவனுக்கு இதுதான் எழுதியிருக்கிறது" என்று கோப்பில் போட்டுக் கொடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"உன் ஆர்வம் எதுவென்று கண்டுபிடி, அதன் பின்னே போ" என்ற உபதேசமும் அப்படித்தான். 2018-இல் பால் ஓ'கீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருந்துளை பற்றிய சுவையான காணொளியை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கச் சொன்னார்கள். ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளுக்குள் இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் ஈடுபாடு அதிகமாக வடிந்துபோனது. எல்லாப் படிப்பிலும் அந்தக் கடினமான கட்டுரை காத்திருக்கிறது. அதைப் படித்துத் திணறும்போது "அப்படியானால் இது என் ஆர்வம் இல்லையோ" என்று பிள்ளை நினைக்குமானால், அந்த எண்ணத்தை விதைத்தது நாம்தான்.

படிப்பைத் தேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது விளம்பரத் தாள். "இன்னும் சில இடங்களே உள்ளன" என்று தொலைபேசியில் அவசரப்படுத்தும் எந்த நிறுவனத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நீங்கள் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. தொழில் செய்ய உரிமம் வேண்டுமென்றால், உரிமம் கொடுக்கும் அமைப்பு இந்தப் பட்டத்தை ஏற்குமா என்பது இன்னொன்று. மூன்றையும் ஒன்றாக்கித் தலையாட்டிவிடுவார்கள், கவனம். "சராசரிச் சம்பளம்" என்று ஒரு தொகை அச்சிட்டிருப்பார்கள். ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சம்பளம் அந்தச் சராசரியைத் தூக்கிவிடும். வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் வாங்குவது எவ்வளவு, வேலை கிடைக்காதவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருடம் படித்து முடித்த இருவரோடு பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. பல வீடுகளில் பிள்ளையிடம் "எது வேண்டுமானாலும் படி" என்கிறார்கள். பிள்ளை அதை நம்பி, விண்ணப்பம் போட்டு, இடமும் வாங்கி வந்து நிற்கும். அப்போதுதான் அப்பாவின் முகம் மாறும். தொடக்கத்திலேயே கணக்கைத் திறந்து காட்டுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? நம்மால் முடிந்தது இவ்வளவு, அதற்கு மேல் கடன், அந்தக் கடனின் மாதத் தவணை இவ்வளவு, படிப்பு முடிந்து இத்தனை ஆண்டு கட்ட வேண்டும் என்று எழுதிக் காட்டினால் பதினேழு வயதுக்குப் புரியும். புரிந்த பிள்ளை உதவித்தொகையைத் தானே தேடும், இரண்டு வருடப் பட்டயத்தில் தொடங்கிப் பின்னர் பட்டத்துக்குப் போகலாமா என்று தானே கேட்கும். மறைத்து வைத்தால் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளும்.

உடனே எதிலும் சேராமல் ஒரு வருடம் நிற்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தப்பே இல்லை, ஆனால் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வேண்டும். டென்மார்க்கில் 1844 முதல் நடக்கும், வளர்ந்தவர்களுக்கான 'மக்கள் உயர்நிலைப் பள்ளி'களில் தேர்வும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. இளைஞர்கள் சில மாதங்கள் அங்கே தங்கி விரும்பியதைக் கற்றுவிட்டுத் தங்கள் வழியில் போகிறார்கள். நம் பிள்ளைக்குக் கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க, சேரப்போகும் கல்லூரி அனுமதிக்குமா என்று மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஒரு தாய்மாமன் கதை. சார்லஸ் டார்வினை 1825-இல், பதினாறு வயதில், எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். மயக்க மருந்து வராத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைப் பார்க்க முடியாமல் அரங்கை விட்டு ஓடிவந்தார். அப்பா அவரைப் பாதிரியாராக்க நினைத்துக் கேம்பிரிட்ஜில் சேர்த்தார். 1831-இல் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் போக அழைப்பு வந்தது. அப்பா மறுத்தார். ஆனால் ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தார்: விவரம் தெரிந்த ஒரே ஒரு மனிதராவது போகலாம் என்று சொல்லட்டும், சம்மதிக்கிறேன். டார்வின் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் போனார். மாமா கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லவில்லை, கனவைத் துரத்து என்று முழங்கவும் இல்லை. அப்பாவின் ஆட்சேபங்கள் பட்டியலாகக் காகிதத்தில் இறங்கின. எட்டு தேறின. பாதிரியாராகப் போகிறவனுக்கு இது இழுக்கு, மறுபடியும் தொழிலை மாற்றுகிறான், ஓரிடத்தில் நிலைத்து உட்காரவே மாட்டான், உபயோகமற்ற முயற்சி என்றெல்லாம். இன்றைக்கும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய ஆட்சேபங்கள். மாமா ஒவ்வொன்றாக எடுத்து மரியாதையாகப் பதில் எழுதினார். அடுத்த நாளே நேரில் போயும் பேசினார். அப்பா இறங்கி வந்தார்.

ஆட்சேபங்களைக் காகிதத்தில் இறக்கி ஒவ்வொன்றுக்கும் பதில் தேடுகிற அந்த மாமா, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா இன்று எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறார்கள்? பெற்றோரால் மட்டும் இதைச் செய்ய முடியாது. அவர்களுக்குப் பயம் அதிகம், அது நியாயமான பயமும்கூட.

ஆகவே இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னூட்டத்தில் எனக்குப் பாராட்டு வேண்டாம். உங்கள் வேலை என்ன, இன்று காலை என்ன செய்தீர்கள், எது சலிப்பு, எந்த வழியில் வந்தீர்கள் என்று பத்து வரி எழுதுங்கள். உங்கள் இடத்துக்கு ஒரு பிள்ளையை ஒரு நாள் அழைக்க முடியுமென்றால் அதையும் சொல்லுங்கள்.

நான் தொடங்கி வைக்கிறேன். எனக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் முதல் காரியம், நேற்று இன்குபேட்டரில் 44.5 டிகிரியில் வைத்த நீர் மாதிரித் தட்டுகளை எடுத்து, மலக்கழிவு பாக்டீரியாவைக் காட்டும் நீலப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று எண்ணுவது. குடிநீரில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. இன்று ஒரு தட்டில் இருந்தன, உடனே தொலைபேசியில் சொல்லி மறுமாதிரி எடுக்கச் சொன்னேன். பிறகு நீரின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரை 4, 7, 10 கரைசல்களில் வைத்துச் சரிபார்த்தேன். சலிப்பு: பதிவேடுகள், கையெழுத்துகள், மறுபடியும் பதிவேடுகள். வந்த வழி: வேதியியல் பட்டம். என் மேசைக்கு எதிரே இருப்பவர் ஆய்வகப் பட்டயம் படித்து வந்தவர், தட்டு எண்ணுவதில் என்னைவிட வேகம். ஒரு சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வரலாம். மூடிய காலணி அணிந்து வர வேண்டும்.